குறையில்லாத அம்புரோஸ்

விஜிலாவிடம் ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை சொல்லிப் பாருங்கள், முகம் கோணிவிடும். "அதான் சொல்லியாச்சுல்லாக்கா" என்பாள். அவள் அப்பா, படகுக்காரர் அம்புரோஸ், தான் புயலில் மாட்டிய கதையைச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தால், இவள் முந்திக்கொண்டு முடிவைச் சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுக்கப் போய்விடுவாள். ஜெபமாலை ஒன்றுக்குத்தான் விதிவிலக்கு. அதற்கும் அவள் அம்மா கிளாடிஸ் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கவேண்டும்.

நான் ஜீவமணி, நாசரேத்துக்காரி. விஜிலா வேலை பார்க்கிற ஆபீசில் போன் எடுக்கிறவள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதைத் தெரிந்துகொண்டேதான் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் ஒரு தடவை புகார் சொன்னவர் மறுபடி கூப்பிட யோசிப்பார்.

எங்கள் ஆபீஸ் பீச் ரோட்டுக்குப் பின்னால், கயிறும் பெயிண்டும் விற்கிற ஒரு கடையின் மாடியில் இருக்கிறது. விசைப்படகுச் சங்கம் ஒன்றுக்கு நாங்கள் ஆப் செய்து கொடுத்திருக்கிறோம். படகுக்காரர் போனைத் திறந்து பட்டனை அமுக்கினால் டோக்கன் வரும். டோக்கன் இருந்தால்தான் சங்கத்தில் கடலுக்கு விடுவார்கள். லைசென்ஸ், இன்சூரன்ஸ், வருஷா வருஷம் மீன்வளத்துறை ஆபீசர் நடத்துகிற படகு ஆய்வு எல்லாம் சரியாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, திருவிழா நாள், மீன்பிடித் தடைக்காலம் என்றால் எவ்வளவு சரியான படகானாலும் டோக்கன் கிடையாது.

விஜிலா தருவைகுளத்துப் பெண். படித்து முடித்ததும் சென்னையில் இருக்கிற எங்கள் தலைமை ஆபீசில்தான் சேர்ந்தாள். ஹாஸ்டல் சாம்பாரில் இளைத்து, ஒவ்வொரு மாதமும் மாற்றல் கேட்டு மெயில் போட்டு, ஒருவழியாக ஊருக்கு வந்து சேர்ந்தாள். வந்த முதல் நாள் மதியம் டிபன் டப்பாவைத் திறந்து, சீலா மீன் குழம்பைப் பார்த்துக் கண் கலங்கினாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து, "உங்களிடமிருந்து ஒரு ஆளை இங்கே அனுப்புங்கள்" என்று கேட்டார்கள். யாரை அனுப்புவது என்று எங்கள் டீம் லீடர் ஃபிராங்க்ளின் முடிவு செய்யவேண்டும். ஒருத்தருக்குக் கைக்குழந்தை, ஒருத்தருக்கு அடுத்த மாதம் கல்யாணம். மிச்சம் விஜிலா. ஃபிராங்க்ளினுக்கோ ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை விஜிலாவே தேடிப் பிடித்துக் கையில் கொடுத்தாள்.

ஆப்பில் எதையாவது மாற்றினால் மற்றதெல்லாம் கெடாமல் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்வதற்கு டெஸ்ட் எழுதி வைப்பார்கள். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஒவ்வொரு டெஸ்டிலும் முதலில் ஒரு பொய்ப் படகு செய்யவேண்டும். அதற்கு ஒரு பொய் முதலாளி, பொய் லைசென்ஸ், பொய் இன்சூரன்ஸ், இன்றைக்கு இன்ன தேதி என்று ஒரு பொய்த் தேதி. இத்தனையும் செய்து, ஆப்பின் திரையை வரவழைத்து, கடைசியில் ஒரே ஒரு வரியில் கேள்வி: டோக்கன் வந்ததா, வரவில்லையா. கல்யாணப் பத்திரிகையில் தாத்தா, பெரியப்பா, மாமா எல்லார் பெயரும் பட்டம் பதவியோடு வந்து முடிந்தபிறகு, மூலையில் பொண்ணு மாப்பிள்ளை பெயர் இருக்குமே, அந்த மாதிரி.

இந்த முன்வரிகளை முதன்முதலில் எழுதியவன் வேம்பார்க்காரன் ரோச். எழுதிவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு வந்த எல்லோரும் அவன் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டி, கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஒட்டுவதில் மன்னன் ஃபிராங்க்ளின். அவன் கீபோர்டில் சி எழுத்தும் வி எழுத்தும் அழிந்தே போயிருந்தன. ரோச் தன் மாமியார் கிருபாபாய் பெயரைத்தான் பொய்ப் படகின் முதலாளிக்கு வைத்திருந்தான். பாவம், அந்த அம்மா உயிரோடு வேம்பாரில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்க, எங்கள் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான இடங்களில் மிதந்துகொண்டிருந்தார்.

விஜிலா வந்த மறுநாளே அதைப் பார்த்துவிட்டாள். "இது என்னக்கா, ஒரே படகை எத்தனை தடவ செய்வாங்க?" என்று என்னிடம் கேட்டாள், ஏதோ நான்தான் ஒட்டிய மாதிரி.

"எனக்கென்ன தெரியும்? ஃபிராங்க்ளின்கிட்ட கேளு."

கேட்டாள். "இதையெல்லாம் ஒரே இடத்துல எழுதிட்டு, வேணும்ங்கிற இடத்துல கூப்பிட்டுக்கிடலாம் அண்ணே" என்றாள்.

"பச்சையா இருக்கதத் தொடாதம்மா" என்றான் ஃபிராங்க்ளின். அவனுடைய மொத்த வேதமே அவ்வளவுதான்.

அவள் விடவில்லை. தடைக்காலம் வந்தது. படகெல்லாம் கரையில், என் போன் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. இப்போது செய்யாவிட்டால் எப்போது என்று தினமும் அவனை அரித்தாள். கடைசியில் ஃபிராங்க்ளின், மடியில் வந்து விழுந்த சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, செய்யி. ஆனா தடைக்காலம் முடிஞ்சி படகு இறங்குத அன்னைக்கு, நீ கை வச்சதால ஒரு படகுக்காரர் புகார் சொன்னாலும், சென்னைக்குப் போற ஆளு நீதான். சம்மதமா?" என்றான்.

"சம்மதம்" என்று சொல்லிவிட்டாள். ஏளா, ஒரு நாள் யோசித்துச் சொல்லக்கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

முதல் முயற்சியில் மூக்கு உடைந்தது. எல்லா டெஸ்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு படகை ஆரம்பத்தில் செய்துவைத்தாள். ஒரு டெஸ்ட் வந்து அந்தப் படகின் லைசென்ஸைப் பறித்தது. அடுத்து வந்த டெஸ்டுக்கும் அதே படகு, லைசென்ஸ் இல்லாமலே வந்து நின்றது. சும்மா இருந்த டெஸ்டெல்லாம் வரிசையாகச் சிவந்தன. ஃபிராங்க்ளின் அன்றைக்கு எல்லோருக்கும் முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்தான். சந்தோஷம் அப்படி. நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுத ஆசைதான், எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விஜிலா வேறு மாதிரி செய்தாள். கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒரு படகைச் செய்து கொடுக்கிற சின்னக் கருவி ஒன்றை எழுதினாள். அது கொடுக்கிற படகில் எந்தக் குறையும் இருக்காது. லைசென்ஸ் சரி, இன்சூரன்ஸ் சரி, ஆய்வு சரி. எந்த டெஸ்டுக்கு எந்தக் குறை வேண்டுமோ அதை மட்டும் அந்த டெஸ்ட் ஒரு வரியில் சொன்னால் போதும். "இன்சூரன்ஸ் முடிந்த படகு ஒன்று கொடு" என்று கேட்டால், இன்சூரன்ஸ் மட்டும் முடிந்த படகு வரும். வேலை முடிந்ததும் அது தூக்கிப் போடப்படும், அதன் குறை அடுத்த டெஸ்டுக்கு ஒட்டாது.

"குறையில்லாத படகுன்னா மொதலாளியும் குறையில்லாதவரா இருக்கணும்லா. யார் பேரு வைக்க?" என்று கேட்டாள்.

"வையி, உங்க அப்பா பேர" என்றேன், கிண்டலுக்கு.

அவள் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்புரோஸ் என்றே வைத்தாள். "எங்க அப்பா எல்லாத்தயும் கரெக்டா வச்சிருப்பாருக்கா. இந்த வருச ஆய்வுகூட முடிஞ்சிட்டுன்னு சொன்னாரு" என்றாள். மாமியார் கிருபாபாய் விடைபெற, அந்த இடமெல்லாம் அம்புரோஸ் வந்து உட்கார்ந்தார்.

கடைசியாகத் தேதி. ரோச் வைத்திருந்த தேதியை எடுத்துவிட்டு, சாதாரணமான ஒரு புதன்கிழமையை வைத்து டெஸ்டை ஓடவிட்டாள். திரை முழுக்கச் சிவப்பு. ஃபிராங்க்ளின் நாற்காலியோடு உருண்டு வந்து பார்த்தான்.

"என்ன செஞ்ச?"

"தேதிய மாத்துனேன் அண்ணே. முன்னால ஆகஸ்ட் அஞ்சு இருந்திச்சி."

ஃபிராங்க்ளின் சிலுவை போட்டுக்கொண்டான். "பனிமயமாதா திருநாள்லா அது? ரோச் நேர்ந்துக்கிட்டு வச்ச தேதி. அதையா எடுத்த?"

விஜிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு அவள் விளக்கிச் சொன்ன பிறகுதான் சிரிப்பு வந்தது. மாதா திருநாளன்று எந்தப் படகும் கடலுக்குப் போகாது. ஆப்பும் அன்றைக்கு யாருக்கும் டோக்கன் கொடுக்காது. டோக்கன் கொடுக்கவேண்டும் என்கிற டெஸ்டெல்லாம் அந்தத் தேதியில் சிவந்ததால், அவற்றில் மட்டும் ஆளாளுக்குத் தேதியை மாற்றிக்கொண்டார்கள். டோக்கன் கொடுக்கக்கூடாது என்கிற டெஸ்டெல்லாம் தானாகவே பச்சை. பச்சையாக இருப்பதை யார் தொடுவார்கள்? லைசென்ஸ் இல்லாத படகு என்று டெஸ்டுக்குப் பெயர் இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் படகுக்கு லைசென்ஸ் நன்றாகவே இருக்கும். அதைப் பறிக்க மறந்தே போயிருக்கிறார்கள். ஆனாலும் டோக்கன் வராது, ஏனென்றால் அன்றைக்கு மாதா சப்பரம். இத்தனை வருஷமாக எங்கள் டெஸ்டையெல்லாம் பாஸ் போட வைத்தது அந்தப் புண்ணியவதிதான்.

அந்த மூட்டை வரிகளுக்குள் ஒளிந்திருந்த மறதியெல்லாம் இப்போது ஒற்றை வரியில் அப்பட்டமாகத் தெரிந்தது. விஜிலா ஒவ்வொன்றிலும் விட்டுப்போன குறையை எழுதினாள். ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தது. ஒன்றே ஒன்று மட்டும் வரமாட்டேன் என்றது. ஆய்வு முடியாத படகு. எல்லாம் சரியாக எழுதியும் சிவப்பு. அதாவது தப்பு டெஸ்டில் இல்லை, ஆப்பிலேயே இருந்தது. ஆய்வு முடியாத படகுக்குத் திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும், ஆனால் கீழே பட்டனும் இருக்கும். அமுக்கினால் டோக்கன் வந்துவிடும்.

நான் யோசித்துப் பார்த்தேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று போன் போடுவார்கள். மணி அடிக்கிற சத்தம் பிடிக்கவில்லை என்று போன் போடுவார்கள். இதைப் பற்றி ஒரு ஆத்மா வாய் திறந்ததில்லை. கடற்கரை முழுக்கத் தெரிந்த விஷயம் எங்கள் ஆபீசுக்கு மட்டும் தெரியவில்லை.

"இத இப்பம் சரி பண்ணாத" என்றான் ஃபிராங்க்ளின். "மொதல் நாள் அன்னைக்கு டோக்கன் நின்னா கத்துவாங்க. படகெல்லாம் இறங்கி ஒரு மாசம் ஆகட்டும்."

"ஆய்வுல என்ன பாப்பாங்கன்னு தெரியுமாண்ணே? லைஃப் ஜாக்கெட் இருக்கா, வயர்லெஸ் வேலை செய்யுதான்னு பாப்பாங்க. எங்க அப்பா போற கடலு அது. தெரிஞ்சபொறவு சும்மா இருக்க முடியாது."

"புகார் வந்தா சென்னை."

"தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு, ஆய்வு முடியாத படகுக்குப் பட்டனே வராதபடி ஆப்பை மாற்றினாள். எனக்கு அவள்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அந்த நேரத்தில் ஃபிராங்க்ளின் பக்கம் திரும்பியது.

படகு இறங்குகிற அன்று விடியற்காலையிலேயே ஆபீஸைத் திறந்துவிட்டோம். விஜிலா பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். முதல் போன் வந்தது, எடுத்தேன்.

"ஏம்மா, பட்டனைக் காங்கல. எங்கன போச்சி?"

குரல் எனக்குத் தெரிந்த குரல். "படகு ஆய்வு முடிஞ்சிட்டா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அது கெடக்கு. போன வருசமும் முடியலைதான், பட்டன் இருந்திச்சே. அங்கன வாரேன், இரி."

போனை வைத்துவிட்டு விஜிலாவைப் பார்த்தேன். "யாருக்கா?" என்றாள். சொல்லாமல் இருக்கலாமா என்று நினைத்தேன். எப்படியும் மாடிப்படி ஏறி வரப்போகிறார்.

"உங்க அப்பா" என்றேன்.

"முடிஞ்சிட்டுன்னு சொன்னாரே" என்று மட்டும் சொன்னாள்.

அம்புரோஸ் தனியாக வரவில்லை. பட்டன் காணாமல் போன இன்னும் ஏழெட்டுப் பேர் கூட வந்தார்கள். முன்னால் நின்றவர் சுடலைக்கண்ணன், துறைமுகத்திலேயே பெரிய தொண்டை. "எவன்யா பட்டன எடுத்தது? ஐஸ் ஏத்தியாச்சி, டீசல் போட்டாச்சி. ஆள் எல்லாம் படகுல உக்காந்திருக்கான்" என்று கேட்டபோது கீழே பெயிண்ட் கடைக்காரரே வெளியே வந்து பார்த்தாராம்.

ஃபிராங்க்ளின் வாயெல்லாம் பல்லாக எழுந்தான். "புகார்னா சொல்லுங்க அண்ணாச்சி. யாரு செஞ்சாங்களோ அவுங்கள இன்னைக்கே சென்னைக்கு மாத்திருதோம்."

"மாத்துங்க. எவன் அவன்?" என்றார் அம்புரோஸ்.

கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து விஜிலா எழுந்தாள். "நாந்தான்பா."

அம்புரோஸ் மகளைப் பார்த்தார். ஃபிராங்க்ளினைப் பார்த்தார். சென்னை என்ற வார்த்தை அப்போதுதான் அவர் காதுக்குள் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன். மாதா மாதம் அவள் அங்கிருந்து போனில் அழுததைக் கேட்டவர் அவர்தானே.

"லைஃப் ஜாக்கெட்டெல்லாம் எங்கப்பா?" என்று கேட்டாள் விஜிலா. கேட்டவளுக்கே பதில் வந்துவிட்டது. "வீட்டுல நாம தலைக்கு வச்சிப் படுக்கோமே, அதாப்பா?"

பின்னால் ஒருத்தர் சிரித்துவிட்டார். அம்புரோஸ் தலையைச் சொறிந்தார். பிறகு திடீரென்று சுடலைக்கண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏலே சுடலை, இங்கன என்ன புகாரு சொல்லப்போற? ஆய்வு பண்ணாம இருந்தேன், டோக்கன் தரலைன்னா? சங்கத்துல சொன்னா செருப்பால அடிப்பான். பெத்த அப்பனுக்கே குடுக்கல அவ. ஒனக்கு எப்பிடிலே குடுப்பா? நடங்க, ஆபீசரக் கூப்பிட்டு ஆய்வ முடிப்போம்."

அம்புரோஸ் படகுக்கே இல்லையென்றால் மற்றவர்கள் எந்த முகத்தோடு கேட்பது? முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஃபிராங்க்ளின் மட்டும் வாசல்வரை போய், "அப்ப புகார் இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டுப் பார்த்தான்.

"இல்ல தம்பி" என்றார் அம்புரோஸ். படியில் நின்று மகளைத் திரும்பிப் பார்த்து, "ஏளா, நீ வீட்டுக்கு வா" என்றார். அந்த 'வா'வில் என்ன இருந்தது என்று எனக்கே புரியவில்லை. விஜிலா அன்றைக்கு மேசையில் தலையைக் கவிழ்த்து நன்றாக அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு டீ கேட்டாள். சென்னைக்கு யாரை அனுப்புவது என்று ஃபிராங்க்ளின் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். அவனே போனால் நாங்கள் மக்ரூன் வாங்கித் தருவோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தருவைகுளத்துக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கூடத்தில் புதுத் தலையணைகள் கிடந்தன. அம்புரோஸ் ஆய்வெல்லாம் முடித்து, தாமதமாகக் கடலுக்குப் போய், நல்ல மீன்பாடோடு திரும்பியிருந்தார். மகள் தன் பெயரைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறாள் என்று கிளாடிஸ் அக்கா எப்படியோ அவரிடம் சொல்லிவிட்டார். அக்காவிடம் சொன்னது நான்தான், வேறு யார்?

"எம்பேரு எதுக்குளா அதுல?" என்று கேட்டார் அம்புரோஸ், இறால் உரித்துக்கொண்டே.

"அதுல நீங்க ரொம்ப நல்லவருப்பா. எல்லாம் கரெக்டா வச்சிருப்பீங்க. எந்த டெஸ்ட் ஓடுனாலும் மொதல்ல நீங்கதான் வருவீங்க."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறைக்க இன்னொரு இறாலை எடுத்தார். "எல்லாத்துலயும் நல்லவனா?"

"ஒண்ணுல மட்டும் ஆய்வு முடிக்காம வருவீங்க. ஒங்களுக்கு டோக்கன் கெடைக்காது."

அம்புரோஸின் கை நின்றது. குரலைத் தாழ்த்தி, "மத்ததெல்லாம் இருக்கட்டும். அந்த ஒண்ண மட்டும் எடுத்திரேன். நாலு பேரு பாக்குத எடம்" என்றார்.

"எடுத்திரலாம்பா. எடுத்தா ஆய்வு முடிக்காத படகுக்குப் பட்டன் திரும்ப வந்தாலும் ஆபீசுல யாருக்கும் தெரியாது."

அம்புரோஸ் குனிந்து இறாலை உரித்தார். அந்தப் பட்டன்மேல் அவருக்கு இன்னும் ஒரு கண் இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. பிறகு நிமிர்ந்து, எதிரில் உட்கார்ந்து குழம்பை வழித்துச் சாப்பிடுகிற மகளைப் பார்த்தார். உரித்த இறாலை அவள் தட்டில் போட்டார்.

"கெடக்கட்டும், விடு" என்றார்.